தரிசு நிலத்தில் ஒரு பூச்சிக்காரன்: அந்துப்பூச்சியின் அழைப்பைத் தேடிய ஃபாப்ர்

கிளிவெட்டியில் பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்தை எட்டும் நாட்களில், இரவில் வயலோர வீடுகளின் மின்குமிழைச் சுற்றிச் சிறிய மஞ்சள் நிற அந்துப்பூச்சிகள் சுழலும். காலையில் பார்த்தால் குமிழின் கீழே அவை செத்துக் கிடக்கும். கூட்டிப் பெருக்கிக் கொட்டிவிட்டு வேலைக்குப் போவது இங்கு வழக்கம். ஆனால் வேளாண்மை செய்பவர்களுக்கு அந்தப் பூச்சியைப் பார்த்தாலே வயிற்றில் புளி கரைக்கும். சில வாரங்களில் வயலில் வெண்கதிர் தெரியும். கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே மணி இருக்காது. பிடித்து இழுத்தால் கையோடு வரும். தண்டுக்குள் புழு இருந்து அறுத்திருக்கும்.

கடந்த போகத்தில் இங்குள்ள ஒரு பெண் விவசாயியோடு வரம்பில் நின்று பேசினேன். சம்பூர்ப் பக்கம் சொந்த ஊர். 2006இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமின் தகரக் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர். இப்போது குத்தகைக்கு நிலம் எடுத்து வேளாண்மை செய்கிறார். இரண்டு தடவை மருந்தடித்தும் வெண்கதிர் வந்துவிட்டது என்றார். மருந்தை வாங்கியது கடனுக்கு. அவர் கேட்ட கேள்வி எளிமையானது. இவ்வளவு சின்னப் பூச்சி, இவ்வளவு பெரிய வெளியில், இருட்டில், தன் சோடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதே கேள்வியை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் தென் பிரான்சின் ஒரு கிராமத்தில் ஒரு முதியவர் கேட்டார். அவரும் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர். பிள்ளையைப் பறிகொடுத்தவர். ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான் தனக்கென்று ஒரு துண்டு நிலம் கண்டவர். அவர் பெயர் ஜோன் ஹென்றி ஃபாப்ர்.

எலுமிச்சை விற்ற சிறுவன்

ஃபாப்ர் பிறந்தது 1823 டிசெம்பரில், பிரான்சின் தெற்கே உள்ள செயின்ற் லியோன் என்ற மலைக்கிராமத்தில். பெற்றோர் ஏழைகள். வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று, சின்ன வயதிலேயே அவரை மலாவல் என்ற இடத்தில் இருந்த பாட்டன் பாட்டியின் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடு, மாடு, பனி, குளிர் ஆகியவற்றுக்கு நடுவே வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித்தர எவரிடமும் காசு இருக்கவில்லை. வண்டுகளும் வெட்டுக்கிளிகளும் காசில்லாமல் கிடைத்தன.

ஏழு வயதில் பள்ளிக்காக ஊர் திரும்பினார். பின்னர் தந்தை பிழைப்புத் தேடி ரொடெஸ் நகரத்துக்குக் குடும்பத்தைக் கொண்டுபோய் ஒரு கோப்பிக்கடை திறந்தார். அது ஓடவில்லை. அடுத்த நகரம், அடுத்த கடை. அதுவும் ஓடவில்லை. ஊர் ஊராக அலைந்த குடும்பம் கடைசியில் சிதறியது. பதின்ம வயதில் ஃபாப்ர் தனியே தெருவில் நின்றார். சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். புதிதாகப் போடப்பட்ட புகையிரதப் பாதையில் கூலிவேலை செய்தார். பசித்த நாட்கள் பல.

அந்த நிலையிலும் அவர் அவிஞ்ஞோன் நகர ஆசிரியர் கல்லூரியின் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றித் தெரிவானார். அங்கே சாப்பாடும் படுக்கையும் உறுதி. 1842இல் பயிற்சி முடித்து, கார்ப்பந்திரா என்ற ஊரில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியரானார். வயது பதினெட்டு. கணிதம், பௌதிகம், இரசாயனம் எல்லாவற்றையும் இரவில் விளக்கொளியில் தானே படித்துத் தேறினார். 1849இல் கோர்சிக்கா தீவில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கப் போனார். அங்கே சந்தித்த தாவரவியலாளர் மொக்கன் தந்தோன், கணிதத்தை விட்டுவிட்டு உயிர்களைப் படிக்கும்படி அவரைத் தூண்டினார். காய்ச்சல் அவரைத் தீவிலிருந்து திருப்பி அனுப்பியது. 1853இலிருந்து அவிஞ்ஞோனின் உயர்தரப் பாடசாலையில் ஆசிரியர் வேலை.

1855இல் குளவிகளைப் பற்றிய அவருடைய முதல் ஆய்வு வெளிவந்தது. வண்டுகளைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்குச் சேமித்து வைக்கும் ஒரு குளவி, அந்த வண்டைக் கொல்வதில்லை, நரம்பு முடிச்சில் கொட்டி முடக்கி வைக்கிறது என்று அவர் காட்டினார். அதனால்தான் இரை பல நாட்கள் கெடாமல் இருக்கிறது. அதுவரை பெரிய அறிஞர் ஒருவர் சொல்லிவந்த விளக்கத்தை, ஒரு பாடசாலை ஆசிரியர் குளவிக் குழியின் பக்கத்தில் படுத்திருந்து பார்த்தே மாற்றிவிட்டார். தன் புகழ்பெற்ற நூலின் பிந்திய பதிப்பில் சார்ள்ஸ் டார்வின், ஃபாப்ரை ஈடிணையற்ற அவதானிப்பாளர் என்று போற்றினார். கூர்ப்புக் கொள்கையை ஃபாப்ர் கடைசிவரை ஏற்கவில்லை. இருந்தும் இருவரும் ஒருவரையொருவர் மதித்தனர்.

பாஸ்டர் குலுக்கிப் பார்த்த கூடு

1865இல் தென் பிரான்சின் பட்டுப்புழுக்கள் ஒரு நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. பட்டை நம்பியிருந்த குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. நோயை ஆராய அரசு அனுப்பிய லூயி பாஸ்டர், வழியில் ஃபாப்ரின் வீட்டுக்கு வந்தார். பட்டுக்கூடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஃபாப்ர் அயல்வீட்டில் வாங்கிக் கொடுத்தார். பாஸ்டர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கி, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று வியந்தார். கூட்டுக்குள் புழு கூட்டுப்புழுவாக மாறி, பிறகு அந்துப்பூச்சியாக வெளிவரும் என்பது அந்தப் பெரிய விஞ்ஞானிக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

ஃபாப்ர் இதைக் கேலியாக நினைவுகூரவில்லை. ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தொடங்கும் துணிவை அவர் மெச்சினார். பாஸ்டர் அடுத்த சில ஆண்டுகளில் அந்த நோயைக் கட்டுப்படுத்தும் வழியைக் கண்டார். முன்முடிவோடு பூச்சியிடம் போகக்கூடாது என்ற பாடத்தை ஃபாப்ர் தன் வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொண்டார். பட்டுப்பூச்சி இந்தக் கதையில் இன்னொரு முறை வரும்.

பெண்களுக்குப் பூவைப் பற்றிச் சொன்ன குற்றம்

அவிஞ்ஞோனில் ஃபாப்ரின் சம்பளம் வீட்டுச் செலவுக்குப் போதவில்லை. துணிக்குச் சிவப்புச் சாயம் தரும் ஒரு செடியின் வேரிலிருந்து தூய சாயத்தைப் பிரித்தெடுக்கும் முறையை ஆண்டுக்கணக்காக உழைத்துக் கண்டுபிடித்தார். அது வீட்டைக் காக்கும் என்று நம்பினார். அதே நாட்களில் ஜேர்மன் இரசாயனவியலாளர்கள் அந்தச் சாயத்தைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். செடியின் விலை விழுந்தது. ஃபாப்ரின் உழைப்பும் அதோடு போனது.

அதைவிடப் பெரிய அடி பாடசாலையால் வந்தது. பெண்பிள்ளைகளுக்கும் விஞ்ஞானம் கற்பிக்க வேண்டும் என்று அன்றைய கல்வி அமைச்சர் விக்தோர் துரூயி திட்டம் போட்டார். ஃபாப்ர் மாலை வகுப்புகளை விருப்பத்தோடு எடுத்தார். ஒரு பூவில் மகரந்தம் எப்படிச் சூலகத்தை அடைகிறது, காய் எப்படி உண்டாகிறது என்று இளம் பெண்களுக்கு மறைக்காமல் விளக்கினார். ஊரின் மதப் பழைமைவாதிகளுக்கு அது பொறுக்கவில்லை. பெண்களைக் கெடுக்கிறார் என்று பேசினார்கள். அமைச்சரும் பதவி இழந்ததும் ஃபாப்ருக்குத் துணை இல்லாமல் போனது. 1870இல் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர்களான இரண்டு சகோதரிகள் வீட்டை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள். கையில் வாடகை ஒப்பந்தம் இல்லை. மனைவி, பிள்ளைகள், பெட்டி பெட்டியாகப் பூச்சிகள், போக இடமில்லை.

அப்போது கைகொடுத்தவர் ஆங்கிலத் தத்துவவாதி ஜோன் ஸ்ருவேட் மில். மனைவி அவிஞ்ஞோனில் இறந்துபோனதால் அவளுடைய கல்லறைக்கு அருகிலேயே வீடு வாங்கி வாழ்ந்தவர். இருவரும் செடிகளைத் தேடிச் சேர்ந்து நடப்பவர்கள். பெண்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று வாதிட்ட நூலை மில் வெளியிட்டது அதற்கு முந்திய ஆண்டில்தான். கேட்டவுடன் 3,000 பிராங்க் அனுப்பினார். எழுத்தில் எந்த ஈடும் கேட்கவில்லை. ஃபாப்ர் அந்தப் பணத்தில் ஒரான்ச் என்ற ஊருக்குக் குடும்பத்தோடு போனார். ஆசிரியர் வேலையை விட்டார். பிள்ளைகளுக்கான விஞ்ஞானப் பாடநூல்களை எழுதிக் குவித்து, கடனை முழுமையாக அடைத்தார்.

1877இல் மகன் ஜூல் இறந்தான். பதினாறு வயதை எட்டியும் எட்டாத பிள்ளை. பூச்சிகளையும் செடிகளையும் தந்தையளவுக்கு நேசித்தவன், வெயிலில் தந்தையோடு வயல்வெளியில் அலைந்தவன். மகனின் சாவுக்குப் பிறகு ஃபாப்ரும் கடும் சுகவீனமுற்றார். தேறியபின், புதிதாகக் கண்ட சில குளவி இனங்களுக்கு மகனின் பெயரைச் சூட்டினார். தன் வாழ்வின் பெரிய நூலின் முதல் பாகத்தை 1879இல் வெளியிட்டபோது அதையும் அவனுடைய நினைவோடு முடித்தார்.

ஒரு ஏக்கர் அல்ல, இரண்டரை ஏக்கர் முட்காடு

ஒரான்ச் வீட்டுக்குப் போகும் பாதையின் இருபுறமும் நின்ற மரங்களை வீட்டுக்காரர் வெட்டிவிட்டதும் ஃபாப்ருக்கு அங்கே இருக்க மனம் வரவில்லை. அதே 1879இல், அருகிலுள்ள செரின்யோன் என்ற கிராமத்தின் ஓரத்தில் ஒரு பழைய வீட்டையும் அதைச் சேர்ந்த ஏறத்தாழ ஒரு ஹெக்டயர் நிலத்தையும் வாங்கினார். கல்லும் முள்ளும் காட்டுப்பூண்டும் நிறைந்த, யாரும் பயிர் செய்ய விரும்பாத தரிசு. அந்த ஊர் மக்கள் இப்படிப்பட்ட நிலத்தை ஆர்மாஸ் என்பார்கள். வீட்டுக்கும் அதையே பெயராக வைத்தார்.

மீள்குடியேறியபோது காணி முழுதும் பற்றைக்காடாகக் கிடந்ததைக் கண்டவர்களுக்கு, அந்த நிலத்தின் தோற்றத்தை விளக்கத் தேவையில்லை. ஃபாப்ருக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. முட்செடி இருக்கும் இடத்தில் குளவியும் வண்டும் தேனீயும் வரும். கலப்பை படாத மண்ணில் அவை கூடு கட்டும். அவர் நிலத்தைத் துப்புரவாக்கவில்லை. அதைச் சுற்றி மதில் எழுப்பி, எஞ்சிய 36 ஆண்டுகளையும் அதற்குள் கழித்தார். பெரிய ஆய்வுகூடம் இல்லை. ஒரு சிறிய மேசை, உருப்பெருக்கிக் கண்ணாடி, பூச்சிகளை மூடி வைக்கக் கம்பிவலைக் கூடுகள். இவற்றை வைத்துக்கொண்டு பூச்சிகளைப் பற்றிய பத்துப் பாகங்களை எழுதினார். கடைசிப் பாகம் 1907இல் வந்தது.

மே 6ஆம் திகதி இரவு

அந்துப்பூச்சிகள் பற்றிய அவரது சோதனைகள் 1900இல் வெளிவந்த ஏழாவது பாகத்தில் உள்ளன.

ஒரு மே மாதம் 6ஆம் திகதி காலை, அவருடைய மேசையில் இருந்த கூடொன்றிலிருந்து ஒரு பெண் அந்துப்பூச்சி வெளிவந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய அந்து அது. இறக்கைகளில் மயிலின் தோகைக் கண் போன்ற வட்டங்கள் இருப்பதால் பெரிய மயில் என்று பெயர். ஃபாப்ர் அதைக் கம்பிவலைக்குள் மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார்.

இரவு ஒன்பது மணி. படுக்கப் போன சின்ன மகன் போல், பாதி உடையோடு அறைக்குள் ஓடியாடிக் கத்தினான். பறவை அளவு பூச்சிகள் அறை முழுவதும் பறக்கின்றன என்று தந்தையைக் கூப்பிட்டான். ஃபாப்ர் மெழுகுவர்த்தியோடு ஆய்வறைக்குப் போனார். திறந்திருந்த யன்னலால் ஆண் அந்துகள் உள்ளே வந்து, கம்பிவலையைச் சுற்றிச் சிறகடித்தன. மெழுகுவர்த்தியை அடித்து அணைத்தன. அவர் தோளில் இருந்தன. அன்று இரவு மட்டும் வீட்டில் ஏறத்தாழ நாற்பது. எட்டு நாட்களில் 150.

அந்தப் பகுதியில் இந்த இனம் அரிது. பழைய வாதுமை மரங்களின் அடியில் பல நாள் தேடினாலும் ஒன்றிரண்டு கூடுகள்தான் அகப்படும். அப்படியானால் இந்த ஆண்கள் மிகத் தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும். வீட்டைச் சுற்றி மரங்கள், புதர்கள், இருட்டு. பெண்ணோ கம்பிவலையில் தொங்கியபடி அசையாமல் இருக்கிறது. சத்தம் இல்லை. ஒளி இல்லை. மனித மூக்குக்கு எந்த வாசமும் இல்லை.

இந்த அந்துக்கு வாய் வேலை செய்யாது. கூட்டைவிட்டு வந்தபின் அது எதுவும் உண்பதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் சில நாட்கள் உயிர் வாழும். அந்தச் சில நாட்களுக்குள் சோடி சேர்ந்து முட்டையிட வேண்டும். அதற்காகவே இந்தப் பயணம்.

ஒவ்வொன்றாகக் கேட்ட கேள்விகள்

ஃபாப்ர் ஊகிக்கவில்லை, சோதித்தார். பெண்ணைத் தினமும் இடம் மாற்றி வைத்தார். ஆண்கள் புதிய இடத்துக்கே நேராக வந்தன. தகரப் பெட்டியில் காற்றுப் புகாமல் அடைத்தார். ஒன்றும் வரவில்லை. பெட்டியில் சிறு இடைவெளி விட்டார். அலுமாரிக்குள் வைத்தும்கூட வந்தன. வாசம்தான் என்றால் வேறு கடும் வாசத்தால் அதை மறைக்க முடியுமா என்று பார்க்க, அந்துருண்டை மணம் வீசும் நப்தலினைப் பெண்ணைச் சுற்றித் தட்டுகளில் வைத்தார். அறைக்குள் மனிதருக்கு மூச்சு முட்டியது. ஆண்கள் எதையும் பொருட்படுத்தாமல் வந்தன.

மிகத் தெளிவான விடை வேறோர் அந்து மூலம் கிடைத்தது. வீட்டுக்கு மரக்கறி கொண்டுவரும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஒருநாள் ஒரு கூட்டையும் கொண்டுவந்து கொடுத்தான். அதிலிருந்து கருவாலி மரத்து அந்தின் பெண் வந்தது. மூன்றாம் நாள் பட்டப்பகலில் அறுபது ஆண்கள் யன்னலால் வந்தன. ஃபாப்ர் அந்தப் பெண்ணை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி யன்னலருகே கண்ணாடி மூடிக்குள் வைத்தார். முதல்நாள் இரவு அவள் இருந்த கம்பிவலைக் கூட்டையும் மணல் தட்டையும் அறையின் இருண்ட மூலையில் போட்டார்.

ஆண்கள் வந்தன. கண்ணாடிக்குள் இருந்த பெண்ணை ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் மூலையில் கிடந்த வெறும் கூட்டைச் சுற்றியே வட்டமிட்டன. அவள் இருந்த மரக்கிளையை மட்டும் ஒரு கதிரையில் வைத்துப் பார்த்தார். அந்தக் கிளையைத் தேடி வந்து, இலைகளைக் கிளறின. அவள் தொட்ட இடத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு இருக்கிறது. கண் அல்ல, காது அல்ல. வாசம்.

ஆனாலும் ஃபாப்ர் முழுதாக நம்பவில்லை. இத்தனை சிறிய உடலிலிருந்து கிளம்பும் அணுக்கள் இத்தனை பெரிய வெளியை நிரப்புமா? ஒரு சிட்டிகைச் சாயத்தால் ஏரியைச் சிவப்பாக்க முடியுமா? மயில் அந்தின் சிறிய இனத்தை வைத்துப் பார்த்தபோது, காற்று வீசும் பக்கத்திலிருந்தே ஆண்கள் வந்தன. அவள் வாசம் அந்தத் திசைக்கு எப்படிப் போயிருக்கும்? அக்காலத்தில் எக்ஸ் கதிரும் கம்பியில்லாத் தந்தியும் புதிய வியப்புகள். அந்தும் அப்படி ஏதோ அலையை அனுப்புகிறதோ என்று ஐயப்பட்டு எழுதிவைத்தார். அந்த ஐயம் பிழை. ஆனால் பார்த்ததையும் தனக்குப் பிடிபடாததையும் அவர் ஒன்றையும் ஒளிக்காமல் எழுதினார். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் அங்கிருந்தே தொடங்க முடிந்தது.

ஐந்து இலட்சம் பட்டுப்பூச்சிகள்

விடை 1959இல் ஜேர்மனியில் கிடைத்தது. அடொல்ஃப் புற்றனான்ற் என்ற இரசாயனவியலாளரின் குழு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைத்து, ஐந்து இலட்சம் பெண் பட்டு அந்துகளின் வயிற்று நுனிச் சுரப்பிகளிலிருந்து ஒரேயொரு பொருளைப் பிரித்தெடுத்தது. கிடைத்தது சில மில்லிகிராம். அதற்குப் பட்டுப்பூச்சியின் விஞ்ஞானப் பெயரை ஒட்டி பொம்பிக்கோல் என்று பெயரிட்டனர். ஓர் உயிர் வெளியே விட்டு, அதே இனத்தின் இன்னோர் உயிரின் நடத்தையை மாற்றும் இப்படிப்பட்ட பொருட்களுக்குப் பெரமோன் என்ற பொதுப்பெயரும் அதே ஆண்டில்தான் வந்தது.

இப்போது தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெரும்பாலான அந்துகளில் பெண்ணின் வயிற்று நுனியில், கடைசி வளையங்களுக்கு இடையே உள்ள மெல்லிய தோலின் உயிரணுக்களே இந்தச் சுரப்பி. மூலப்பொருள் கொழுப்பமிலம், நம் உடலிலும் பாம் எண்ணெயிலும் இருக்கும் பாமிற்றிக் அமிலம் போன்றது. சுரப்பியிலுள்ள நொதியங்கள் அந்த நீண்ட சங்கிலியில் குறித்த ஓர் இடத்தில் ஐதரசனை எடுத்து இரட்டைப் பிணைப்பு உண்டாக்கும், தேவையானால் சங்கிலியைக் குறுக்கும், நுனியை மாற்றும். பிணைப்பு எந்த இடத்தில், எந்தப் பக்கம் வளைந்து, எந்தப் பொருள் எந்த விகிதத்தில் என்பதைப் பொறுத்து இனத்துக்கு இனம் மணம் மாறும்.

எப்போது சுரக்க வேண்டும் என்று சொல்வது தலை. இருட்டியதும் மூளைக்குக் கீழேயுள்ள நரம்பு முடிச்சிலிருந்து ஓர் ஓமோன் குருதியில் கலந்து சுரப்பிக்குப் போகும். 33 அமினோ அமிலங்களால் ஆன அந்த ஓமோனை, அமெரிக்காவில் பணியாற்றிய இந்தியரான அசோக் ரெய்னாவும் அவரது குழுவும் 1989இல் ஒரு சோள அந்தில் அடையாளம் கண்டனர். அது வந்தவுடன் சுரப்பி வேலை தொடங்கும். பெண் ஓரிடத்தில் அமர்ந்து, வயிற்று நுனியை வெளியே தள்ளி, சுரப்பியைக் காற்றுக்குக் காட்டும். அறிவியலாளர் இதை அழைத்தல் என்றே சொல்கிறார்கள். சோடி சேர்ந்தபின் பல இனங்களில் சுரப்பு நின்றுவிடும்.

ஃபாப்ரின் ஏரிச் சந்தேகத்துக்கும் விடை உண்டு. அந்த மணம் வெளியை நிரப்புவதில்லை. அடுப்புப் புகைபோல இழையிழையாகக் காற்றோடு போகிறது. ஆணின் இறகு போன்ற உணர்கொம்புகளில் அந்த ஒரு பொருளுக்கென்றே ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் உள்ளன. ஓர் இழை பட்டவுடன் அது காற்றுக்கு எதிராகத் திரும்பிப் பறக்கும். இழை அறுந்தால் இடமும் வலமும் தேடி, மீண்டும் பிடித்து முன்னேறும். மற்ற வாசங்களுக்கு அந்த நுண்மயிர்கள் அசையாது. நப்தலின் தோற்றது அதனால்தான்.

கிளிவெட்டி வயலுக்கு

நெல்லின் மஞ்சள் தண்டுதுளைப்பானுக்கும் இதே கதைதான். இரவில் நெற்றாளில் அமர்ந்திருக்கும் பெண் விடும் மணத்தில் முக்கியமாக இரண்டு பொருட்கள், ஏறத்தாழ ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில். அவற்றைச் செயற்கையாகச் செய்து, இறப்பர் துண்டில் ஊறவைத்துப் பொறிக்குள் வைத்தால், ஆண்கள் பெண் என்று நம்பி வந்து விழும். ஃபாப்ரின் வெறுங்கூட்டைச் சுற்றியவை போலவே.

பொறி பூச்சியை அடியோடு ஒழிக்காது. ஆனால் எத்தனை ஆண்கள் விழுகின்றன என்று எண்ணினால், வயலில் அந்து எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்பது தெரியும். முட்டையிலிருந்து வந்த புழு தண்டுக்குள் புகுந்தபின் தெளிக்கும் மருந்து பெரும்பாலும் வீண். வெண்கதிரைக் கண்டபின் அடிப்பது அதைவிட வீண். இலை நுனியில் பழுப்பு மயிர் போர்த்திய முட்டைத் திரளைத் தேடிப் பிடுங்குவதற்கும், மருந்து தேவையா என்று தீர்மானிப்பதற்கும் பொறி நாள் குறித்துக் கொடுக்கும். பயிரழிவுக்கு முன்னர் கடனை மிச்சப்படுத்தக்கூடிய அறிவு இது. வரம்பில் நின்று கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு இதைத்தான் சொல்ல முடிந்தது. அவர் கமநல சேவை நிலையத்தில் விசாரிப்பதாகச் சொன்னார்.

ஃபாப்ருக்குப் புகழ் மிகப் பிந்தியே வந்தது. 1910இல், 86 வயதில், நண்பர்கள் அவருக்கு விழா எடுத்தபிறகுதான் பிரான்ஸ் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1913இல் நாட்டின் சனாதிபதியே ஆர்மாசுக்கு வந்து பார்த்தார். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 ஒக்ரோபர் 11ஆம் திகதி, அந்த வீட்டிலேயே இறந்தார். ஆர்மாஸ் இன்று அரும்பொருளகம்.

மயில் அந்தின் உறவினம் நம் பக்கத்திலும் உண்டு. மருதமரத்திலும் இலந்தையிலும் முட்டை வடிவில் கெட்டியான கூடு கட்டித் தொங்கும் காட்டுப்பட்டு அந்து அது. கூடொன்று கண்ணில் பட்டால் பிள்ளைகள் எடுத்து நுளம்புவலைத் துண்டால் மூடி, யன்னலோரம் வைத்திருக்கலாம். ஒருநாள் அது விரியும். பெண்ணாக இருந்தால், அன்று இரவு விளக்கை அணைத்து யன்னலைத் திறந்து விடுங்கள்.